இன்னொருத்தி வாயில் என் அழுகை

அந்த நாடகத்தில் நான் சேர்ந்ததற்குக் காரணம் முகமூடிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரீஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். கடைக் கண்ணாடியில் தேர்த்திருவிழா அறிவிப்புக்கும் 'அறை வாடகைக்கு' என்ற தாளுக்கும் நடுவில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. பழைய கிரேக்க முறையில் ஒரு தமிழ் நாடகம் போடப் போகிறோம், நடிக்க ஆட்கள் வேண்டும், அனுபவம் தேவையில்லை, எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டே நடிப்பார்கள் என்று அதில் எழுதியிருந்தது. கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். நாலு பேர் நடுவில் நின்று பேசலாம், ஆனால் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போது நான் தனியாக இருந்தேன். மதுரையிலிருந்து கணவரோடு பாரீஸுக்கு வந்தவள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஒரு மகன் பிறந்தான். பிரசவ விடுப்பு முடிந்ததும், வில்லியே லே பெல் என்ற புறநகரில் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஒரு தமிழ் அம்மாவிடம் அவனைக் காலையில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். நல்ல அம்மா. பையன் அவரிடம் சிரித்துக்கொண்டே தாவுவான்.

அது நடந்த நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதியம் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. கணவரும் நானும் ஆளுக்கொரு ஆபீஸிலிருந்து ஓடி வந்து கார் து நோர் நிலையத்தில் ஒரே ரயிலில் ஏறினோம். அந்த அம்மா குடியிருந்த கட்டடத்தின் நடைபாதை நிறைய ஆட்கள். தீயணைப்புப் படையினர்தான் இங்கே அவசரச் சிகிச்சைக்கும் வருவார்கள். அவர்களில் ஒருவர் கையில் என் மகன் இருந்தான். உடம்புச் சூடு போகாமல் இருக்கச் சுற்றும் பொன்னிறத் தாள் ஒன்றை அவன் மேல் சுற்றியிருந்தார்கள். அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்தத் தாள் சரசரத்தது. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

தூக்கத்தில் சில குழந்தைகளுக்கு மூச்சு நின்றுவிடும், காரணம் சொல்ல முடியாது, யார் மேலும் தப்பில்லை என்றார்கள் டாக்டர்கள். என் கணவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நீ இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருந்திருக்கலாம்." அதைத் திரும்பச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடுத்த வருடம் அவருக்குத் தெற்கே தூலூஸ் நகரில் வேலை கிடைத்தது. நான் கூடப் போகவில்லை, அவர் கூப்பிடவும் இல்லை. பிறகு வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.

நாடகத்துக்கு வந்தவர்கள் யாருக்கும் இது தெரியாது என்று நினைத்திருந்தேன்.

இயக்குநர் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடிமகனாகவே பிறந்தவர். ஏதோ ஒரு நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க மாலைகளில் நாடகம் படித்ததாகச் சொல்வார். கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு சங்கத்தின் நிலவறைதான் எங்கள் ஒத்திகை இடம். மேலே பாலத்தில் மெட்ரோ போகும்போது சுவரில் இருக்கும் குழாய்கள் லேசாக அதிரும். முதல் நாள் அவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு பெரிய வட்டம் போட்டார்.

"இது கோரஸ் நிக்கிற இடம், ஊர் ஜனங்களா நின்னு பாடற கூட்டம். பின்னால ஒரு வீடு. அதுக்கு நடுவுல ஒரு கதவு. வ்வலா, கிரேக்கத்து மேடை அவ்ளோதான். மலைச்சரிவுல ஆயிரக்கணக்குல ஜனங்க, நல்ல வெயில்ல, திறந்தவெளியில. கடைசி வரிசைக்காரனுக்கு முகம் தெரியாது. அதனாலதான் முகமூடி. பெரிய கண்ணு, திறந்த வாய்."

கோரஸில் ஏழு பெண்கள். எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களில் மூத்தவர் வில்லியே லே பெலிலிருந்து வருவார். பேத்திகள் எடுத்தவர், குரலில் நல்ல கனம் உண்டு. இளையவள் லெ பிளாங்-மெனிலில் இருந்து வருவாள். லா ஷப்பலில் ஒரு புடவைக் கடையில் வேலை. கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"கொலை செய்யிறது, சாகிறது ஒண்டும் மேடையில வராதோ?" என்று முதல் நாளே கேட்டாள்.

"வராது. எல்லாம் கதவுக்கு உள்ள. ஜனங்களுக்குச் சத்தம்தான் கேட்கும். அப்புறம் ஒரு ஆள் ஓடி வந்து நடந்ததைச் சொல்வான். அப்புறம் கதவு திறக்கும். சக்கரம் வெச்ச பலகையில பொணத்தை வெளிய தள்ளிக்கிட்டு வருவாங்க."

"ஏன் உள்ளுக்கை வச்சிருக்கினம்? காட்டினா என்ன?"

"காட்டினா கண்ணை மூடிக்குவாங்க. சத்தத்தை எப்படி மூடுவாங்க?"

"அப்ப கோரஸ் என்ன செய்யிறது? உள்ளை போய்த் தடுக்கேலாதோ?" என்று கேட்டார் மூத்தவர்.

"நோன், நோன். கோரஸுக்கு எல்லாம் தெரியும். ஆனா கதவைத் தாண்டக் கூடாது. நின்னு புலம்பலாம், சாமியைக் கூப்பிடலாம். உள்ள மட்டும் போகக் கூடாது."

"அது எங்களுக்கு நல்ல பழக்கம்தானே," என்றாள் இளையவள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாடகத்தை அவரே எழுதியிருந்தார். தண்ணீர் வற்றிப்போன ஒரு நகரம். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கிணறு. அதில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் இறைப்பவர் யாராக இருந்தாலும் உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூச வேண்டும் என்று அரசி ஆணையிடுகிறாள். இரவில் ஒருவன் பிடிபடுகிறான். முகத்தை மூடிக்கொண்டிருந்தவன் யார் என்று பார்க்காமலேயே தண்டனையை நிறைவேற்றச் சொல்கிறாள். அது அவளுடைய மகன். வெளியே கிடந்த நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவன். கடைசியில் சுவரை இடித்து, அவனைப் பலகையில் வெளியே கொண்டு வருகிறார்கள். துணியை விலக்கியதும் அரசிக்குத் தெரிகிறது.

ஒவ்வொருவரையும் இரண்டு பக்கம் படிக்கச் சொன்னார். நான் படித்து முடித்ததும் அரசி நான்தான் என்று சொல்லிவிட்டார்.

அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்ல வேண்டும். முகமூடிகளை அவரே வீட்டு அடுப்படியில் செய்து கொண்டு வருவார். பழைய லினன் துணியைப் பசையில் நனைத்து, களிமண் அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது. உள்ளே பசை நாற்றம் அடிக்கும். மூச்சுப் பட்டு நனையும். கண் ஓட்டை வழியே நேரே இருப்பது மட்டும்தான் தெரியும், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பேசினால் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அடியிலிருந்து, கனமாக வந்தது. வேலையில் மீட்டிங்குகளில் வாயைத் திறக்க யோசிப்பவள் அங்கே ஒரு நகரத்துக்கே ஆணையிட்டேன்.

ஒருநாள் அரசி செய்தது பாவமா என்று அவரிடம் கேட்டேன்.

"பாவம் இல்ல ம்மா. கிரேக்கத்துல அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. வில்லு விடறவங்க பேச்சுலேர்ந்து வந்தது. குறி தவறிப்போச்சு, அவ்ளோதான் அர்த்தம். அவ கெட்டவ இல்ல. சரின்னு நினைச்சுத்தான் விட்டா. அம்பு வேற இடத்துல போய்க் குத்திடுச்சு."

அன்றைக்கு ரயிலில் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு போனேன். குறி தவறியது. அதுவரை யாரும் எனக்கு அப்படி ஒரு வார்த்தையைத் தந்ததில்லை. அடுத்த வாரம் அவருக்கு ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன்.

எல்லாம் நன்றாக வந்தது, ஒன்றைத் தவிர. பலகையில் இருக்கும் உடலைப் பார்த்து அரசி அலற வேண்டிய இடம் எனக்கு வரவே இல்லை. அந்த உடலுக்குத் தலையணைகளைக் கட்டி ஒரு பொம்மை செய்து வைத்திருந்தோம். பலகை என்றால் காய்கறிப் பெட்டிகளை ஏற்றித் தள்ளும் தாழ்வான வண்டி, பக்கத்துக் கடையில் இரவல் வாங்கியது. வண்டி வரும், துணியை விலக்குவேன், கத்துவேன். ஒவ்வொரு முறையும் அவர் கையை ஆட்டுவார்.

"இது ஆபீஸ் அழுகை. மீட்டிங் தள்ளிப்போச்சுன்னு அழற மாதிரி இருக்கு."

நான் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. எங்கே கை வைக்கக் கூடாது என்று என் தொண்டைக்குத் தெரிந்திருந்தது. "அந்த ஒரு இடம் வரலேன்னா நாடகமே இல்ல," என்று அவர் மூத்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டேன். அவர்கள் இரண்டு பேரும் அன்று ஒத்திகை முடிந்தும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கை காட்டிவிட்டுப் படியேறிப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பெண்கள் முன்னமே வட்டத்தில் நின்றார்கள். வழக்கமாகத் தேநீர்க் குவளையும் சிரிப்புமாக இருக்கும். அன்று யாரும் பேசவில்லை. எனக்கு அது விசேஷமாகப் படவில்லை. நாடகத்துக்கு நாள் நெருங்குகிறது, பயம் என்று நினைத்துக்கொண்டேன். மூத்தவர் என்னைப் பார்க்காமல் தலையில் முகமூடியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"இன்னைக்குக் கடைசிக் காட்சி மட்டும். நிறுத்தாம போகணும்," என்றார் இயக்குநர். கையில் போனை வைத்திருந்தார். நேரம் பார்க்க வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

செய்தி சொல்பவன் பேசி முடித்தான். கோரஸ் புலம்பியது. கதவு திறந்தது. வண்டியைத் தள்ளி வருவது எப்போதும் இளையவள்தான், அன்றும் தள்ளிக்கொண்டு வந்தாள். முகமூடியின் ஓட்டை வழியே வண்டி மட்டும் தெரிந்தது. துணி இருந்தது. ஆனால் அதன் கீழே இருந்தது சின்னதாக இருந்தது. வட்டத்துக்குள் வந்ததும் வண்டி ஒரு முறை குலுங்கி நின்றது. துணிக்கு அடியில் ஏதோ சரசரத்தது.

அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் கை போய்த் துணியை விலக்கியது. பொன்னிறத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். தலை இருக்க வேண்டிய இடத்தில் தாளை லேசாக மடித்து விட்டிருந்தார்கள்.

நான் கத்தினேன். இந்த முறை என்ன கத்தினேன் என்று எனக்குக் கேட்டது. முகமூடிக்குள் அது வெளியே போக வழியில்லாமல் என் காதிலேயே மோதியது. முதலில் சத்தமே வரவில்லை, மூச்சு மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பிறகு கீழே எங்கிருந்தோ ஒரு சத்தம், மாட்டின் சத்தம் போல, நடுவில் உடைந்து ஒரு வறட்டு இருமலில் முடிந்தது. அதற்குப் பிறகு வார்த்தைகள்: "எந்திரிடா பட்டு. அம்மா வந்துட்டேன். எந்திரிடா." வீட்டில் அவனைப் பட்டு என்றுதான் கூப்பிடுவோம்.

முழங்காலில் விழுந்திருந்தேன். வட்டத்திலிருந்து யாரோ ஒரு பெண் என்னை நோக்கி ஓர் அடி வைத்தாள். இயக்குநர் கையை உயர்த்தினார். அவள் நின்றுவிட்டாள். நான் முடிக்கும்வரை எல்லோரும் அவரவர் இடத்திலேயே நின்றார்கள்.

"வ்வலா," என்றார் அவர். மெதுவாக, மரியாதையோடு சொன்னார். "இதுதான். இதுதான் ம்மா."

முகமூடியைக் கழற்றினேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மூத்தவர் வந்து என் தோளில் கை வைத்தார்.

"நான் ஒரு கதைக்குத்தான் சொன்னனான் பிள்ளை. நீர் வந்த முதல் நாளே எனக்கு அடையாளம் தெரிஞ்சது. அண்டைக்கு அந்தக் கொறிடோர்ல நானும் நிண்டனான், எங்கட பில்டிங்தானே. இவர் இப்பிடிச் செய்வார் எண்டு ஆர் கண்டது?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா பிள்ளை, அண்டைக்கும் நீர் இப்பிடித்தான் கத்தினனீர். அச்சொட்டா இதே சத்தம்."

அதை ஆறுதலாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இயக்குநர் எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கோவப்படாதே. இத்தனை வருஷமா உள்ள வெச்சுப் பூசி வெச்சிருந்தே. இன்னைக்குச் சுவர் உடைஞ்சுது. நாடகம் அதுக்குத்தான். ஒருநாள் நீயே எனக்கு மெர்சி சொல்லுவே."

"அந்தத் தாள் எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "ஃபார்மசியில," என்றார். "எல்லா ஃபார்மசியிலயும் கிடைக்கும்."

முகமூடியை வண்டியில், அந்தப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மீன் கடையில் ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பையன் அப்பாவிடம் பிரெஞ்சில் கோபித்துக்கொண்டு நின்றான். நான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு போனேன், யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். நீ மிகப் பெரிய நடிகை, திரும்பி வா, இப்போது விட்டுவிட்டால் அந்த வலிக்கு அர்த்தமே இல்லாமல் போகும் என்று. நான் பதில் போடவில்லை. ஒருநாள் செய்திகள் நின்றன. பிறகு லா ஷப்பல் கடைக் கண்ணாடிகளில் சுவரொட்டி வந்தது. வாய் பிளந்த முகமூடியின் படம், நாள், இடம். நடிப்பவர்களின் பெயர் இல்லை.

நான் நாடகம் பார்க்கப் போனேன். எனக்கு ஓர் ஆசை இருந்தது, நல்ல ஆசை இல்லை. அந்தக் கடைசி இடத்தில் ஓர் ஓட்டை விழும், கூட்டம் நெளியும், யாராவது சிரிக்கக்கூடச் சிரிப்பார்கள், அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் டிக்கெட் எடுத்தேன்.

சின்ன மண்டபம், லா ஷப்பல் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். மதியக் காட்சி. நிறையத் தமிழ்க் குடும்பங்கள், கொஞ்சம் வெள்ளைக்காரர்கள், அம்மாக்களோடு வந்து போனை நோண்டிக்கொண்டிருந்த பிள்ளைகள். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அரசி யார் என்று குரலில் உடனே தெரிந்துவிட்டது. இளையவள். நன்றாகச் செய்தாள். யாழ்ப்பாணத்துச் சாயல் இல்லாமல் மேடைத் தமிழ் பேசினாள். நான் நிற்கும் இடத்தில் நின்றாள், நான் திரும்பும் விதத்தில் திரும்பினாள். என் முகமூடி அவளுக்குக் கச்சிதமாக இருந்தது.

கதவு திறந்தது. வண்டி வந்தது. அதில் பழைய தலையணைப் பொம்மைதான், ஆள் உயரம். அவள் துணியை விலக்கினாள். சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நான் நாற்காலிக் கையைப் பிடித்தேன். பிறகு கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. நடுவில் அது எங்கே உடைய வேண்டுமோ அங்கே உடைந்தது. அதற்குப் பிறகு ஒரு வறட்டு இருமல் வர வேண்டும், வந்தது. பிறகு, யாழ்ப்பாணத்தில் யாரும் எந்தப் பிள்ளையையும் எழுப்பாத வார்த்தையில், என் மதுரை வீட்டு வார்த்தையில், கிரேக்க முகமூடி போட்ட அரசி சொன்னாள்: "எந்திரிடா பட்டு. அம்மா வந்துட்டேன்."

அப்போதுதான் அவர் கையில் அன்று இருந்த போன் எதற்கு என்று எனக்கு விளங்கியது.

மண்டபத்தில் ஒரு பெண் விம்மினாள். எனக்கு முன்னால் இருந்த பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டார்கள். விளக்கு அணைந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. ஓட்டை எதுவும் விழவில்லை.

முடிந்ததும் கலந்துரையாடல் என்று நாற்காலி போட்டார்கள். இயக்குநர் தமிழிலும் பிரெஞ்சிலும் பேசினார். கிரேக்கர்கள் மேடையில் சாவைக் காட்டாதது ஏன், கோரஸ் ஏன் உள்ளே போவதில்லை என்றெல்லாம் விளக்கினார். அவையில் இருந்த ஒரு பெண், கிரேக்க நாடகங்களில் கடைசியில் கடவுளைக் கயிற்றில் இறக்குவார்களாமே, உங்கள் நாடகத்தில் ஏன் வரவில்லை என்று கேட்க, "இந்தக் கூரை தாங்காது மதாம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன்.

"கடைசியில வர்ற அந்த அழுகையை எப்படி உருவாக்குனீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு அவைக்குத் திரும்பினார். "அதை நான் உருவாக்கலை. ஒரு தாய்கிட்டேர்ந்து வந்தது."

"அந்தத் தாய் நான்தான்," என்றேன். "குழந்தை செத்ததும் நிஜம். குழந்தையைச் சுத்துன தாளை மாதிரியே ஒண்ணு வாங்கிட்டு வந்து, எனக்குத் தெரியாம வண்டியில வெச்சு, என்னைக் கத்த வெச்சுப் பதிவு பண்ணியிருக்கார். உங்களுக்குக் கேட்டது அதுதான்."

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமா என்று பார்த்தேன். கையை நெஞ்சில் வைத்து, என் பக்கம் குனிந்து வணங்கினார். பிறகு நிமிர்ந்து கைதட்டத் தொடங்கினார்.

அவரைப் பார்த்து முதல் வரிசை தட்டியது. பிறகு எல்லோரும் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். மேடையில் கோரஸ் பெண்கள் தட்டினார்கள், மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். "ப்ராவோ மதாம்," என்றான் ஒரு பையன். பக்கத்தில் இருந்த வயதானவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பெரிய மனசு பிள்ளை, உமக்குப் பெரிய மனசு," என்றார். நான் சொன்னதை அவர்கள் நாடகத்தின் இன்னொரு காட்சியாக எடுத்துக்கொண்டார்கள். கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கார் து நோர் பிளாட்பாரத்தில் இளையவள் ஓடி வந்து என்னைப் பிடித்தாள். முகத்தில் முகமூடி அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது.

"அக்கா, குறை நினையாதேங்கோ. அவர்தான் போனுக்கு அனுப்பினவர். நீங்கள் சம்மதிச்சதெண்டு சொன்னவர்."

"நீ என்கிட்டக் கேட்டியா?"

"கேட்டா வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவியள் எண்டு பயம்." நேர்மையாகத்தான் சொன்னாள். "வேலைக்கு வரேக்கை ரயில்ல காதுக்குள்ளை போட்டுக் கேட்டனான். முதல் நாள் கேக்கேலாமல் இடையில இறங்கீட்டன் அக்கா. பிறகு பழகீட்டுது."

அவளுடைய ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. அவள் போகாமல் நின்றாள். ஏதோ கேட்க வேண்டும் போல இருந்தாள்.

"உங்கட அந்த 'எந்திரிடா' மட்டும் வாய்க்குள்ளை வர நாள் எடுத்தது. நான் சரியாச் சொன்னனானோ அக்கா?"

அவளை அடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது இது: "எந்திரிடா சரியா இருக்கு. பட்டுல கடைசியில அழுத்தாத. லேசா விடணும்."

"பட்டு," என்றாள் அவள்.

"இல்ல. பட்டு."

"பட்டு."

"ஆமா."

ரயில் வந்தது. அவள் ஏறி, கதவு மூடும்வரை கை காட்டினாள். அடுத்த காட்சியில் அவள் அதைச் சரியாகச் சொல்லியிருப்பாள்.

யாரோ அந்தக் கடைசிக் காட்சியைப் படம் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். அது எங்கெங்கோ போய்த் தூலூஸுக்கும் போயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை என் கணவர் அழைத்தார். அவர் குரலைக் கேட்டே வருடங்கள் ஆகியிருந்தன. நலம் விசாரிக்கவில்லை.

"ஒரு வீடியோ வந்துச்சு. பாரீஸ்ல ஏதோ நாடகம்."

"ம்."

"அந்தப் பொம்பள யாரு?"

"தெரிஞ்ச பொண்ணு."

"எந்திரிடா பட்டுன்னு சொல்லுது." "அது நீ. அன்னைக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். அது நீ கத்துனது."

உலகத்தில் அதை அடையாளம் காணக்கூடிய ஆண் அவர் ஒருவர்தான். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எனக்கு ஆசை வந்தது. வாயைத் திறந்தேன்.

"அதையும் வித்துட்டியா?" என்றார் அவர்.

வண்டியைப் பற்றியும் தாளைப் பற்றியும் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன்.

"ஆமா," என்றேன். "வித்துட்டேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க."

மறுமுனையில் விக்கல் போல ஒன்று கேட்டது. அது நீண்டது. அந்த நடைபாதையில் அவர் அழவில்லை. எரியூட்டிய இடத்திலும் அழவில்லை. இப்போது அழுதார், பழக்கமில்லாதவர் அழுவது போல, எங்கே மூச்சு வாங்குவது என்று தெரியாமல். நான் ஆறுதல் சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை. முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

மூக்கைச் சிந்திவிட்டுப் பேசினார். "அவன் முகம் எனக்கு வர மாட்டேங்குது. போட்டோ இருக்கு, அதுல இருக்கற முகம் தெரியுது. தூங்கி எந்திரிச்சா ஒரு மாதிரி பார்ப்பானே, சிரிக்கறதுக்கு முன்னாடி. அது வர மாட்டேங்குது. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஒரு கண் முதலில் திறக்கும், மற்றது ஒட்டிக்கொண்டு இருக்கும், அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து நான்தானா என்று முடிவு செய்வான், அதற்குப் பிறகுதான் வாய் விரியும்.

"சொல்லேன்," என்றார்.

"வேலை இருக்கு," என்று போனை வைத்தேன்.

அதற்குப் பிறகும் அவர் சில முறை அழைத்திருக்கிறார். ஆபீஸ், பாரீஸ் குளிர், அவருடைய அம்மாவின் முட்டிவலி என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் அதைத்தான் கேட்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.